மாப்பிள்ளைக்கு ஷூ எடுத்த புதன்கிழமை

ஆண்களுக்குக் கத்தரிக்காய் வாங்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். ஷூ வாங்கவும் தெரியாது என்பதை நான் கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு புதன்கிழமை காலையில் தெரிந்துகொண்டேன். சும்மா செருப்பு என்றால்கூட ஒருவிதமாகச் சமாளித்துவிடுவார்கள். கோட்டு சூட்டுக்குப் போடுகிற ஷூ என்றால் போதும், இருக்கிற கொஞ்சநஞ்ச புத்தியையும் கடை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார்கள்.

அப்போது நான் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் கிராம சுகாதார நர்ஸ். வீடு கள்ளக்குறிச்சியில். அப்பா மலைக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர். காலையில் அவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறிப் போய், மலையில் ஊர் ஊராக நடந்து, பிள்ளைகளுக்கு ஊசி போட்டு, கர்ப்பிணிகளைப் பார்த்து, கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்புவேன். கால் வீங்கும், மழையில் அட்டை கடிக்கும். இருந்தாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. என்னை எதிர்பார்த்து நாலு பேர் வாசலில் நிற்கிறார்கள் என்பது எனக்கு அதற்குமுன் எங்கேயும் கிடைக்காத மரியாதை.

சின்னசேலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஒரு ஆபீஸில் கிளார்க். அவருக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் வளர்த்தவர், படிக்க வைத்தவர், பேச வேண்டியதையெல்லாம் அவருக்குப் பதிலாகப் பேசுகிறவர். மாமனுக்கு மக்காச்சோள மண்டி. பெண் பார்க்க வந்த அன்று நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருக்கும்போதே, கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போகாது என்று என் தலைக்கு மேலாக அப்பாவிடம் சொன்னார். நான் அங்கே நிற்பதாகவே அவருக்குப் படவில்லை. அப்பாவின் முகம் செத்துப்போனது.

அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருப்பேன். ஆனால் எல்லோரும் கிளம்புகிற சந்தடியில் மாப்பிள்ளை, செருப்பைத் தேடுகிற சாக்கில் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

“நீங்க வேலைக்கு போங்க. மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் சரி என்றேன். நிச்சயதார்த்தம் முடிந்தது, பத்திரிகை அடித்தார்கள், அவர் மட்டும் இன்னும் மாமனிடம் சொல்லவில்லை. மண்டபத்தில் தாலி ஏறுவதற்குள் சொல்லிவிடுவார் என்று அம்மா என்னைத் தேற்றினாள். என் வேலை அவர் வாய்க்குள் இருந்தது. வாய் திறக்கிற வழியைத்தான் காணோம்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குக் கோட்டும் ஷூவும் வாட்ச்சும் பெண் வீட்டார்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஷூ நேராகக் காலுக்குப் போகாது. முதலில் சீர்த்தட்டில் ஏறும். பழத்தட்டு, தேங்காய்த் தட்டு, அதற்குப் பக்கத்தில் மூடியைத் திறந்து வைத்த ஷூ பெட்டி. மாப்பிள்ளை வீட்டு உறவு மொத்தமும் குனிந்து பார்த்து, பெண் வீட்டின் யோக்கியதை இன்னதென்று தீர்ப்புச் சொல்லும். வரவேற்பு மேடையில் ஒரு ராத்திரி போட்டுக்கொண்டு நிற்பார்கள். மறுநாள் மணவறை ஏறும்போது வெறுங்கால். அதற்குப் பிறகு பீரோவுக்கு அடியில் பாச்சைகள் அதில் குடும்பம் நடத்தும். இதற்கு ஒரு ஷூ, அதற்கு ஒரு பஞ்சாயத்து.

புதன்கிழமை முகூர்த்த ஜவுளி எடுத்துவிட்டு இரண்டு குடும்பமும் கைநிறைய பையோடு அந்தச் செருப்புக் கடைக்குள் நுழைந்தோம். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் ஷூ எடுத்தாக வேண்டும் என்று மாமன் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் பாய் சாவகாசமான மனுஷர். ஷூ எடுப்பதென்றால் சாயங்காலம் வந்திருக்கலாமே, பகலெல்லாம் நின்றால் கால் கொஞ்சம் உப்பும், அப்போது போட்டுப் பார்த்து எடுத்தால்தான் பிற்பாடு கடிக்காது என்றார். நல்ல நேரம் பார்த்துத்தான் காலுக்கு எடுக்க வேண்டுமே தவிர காலைப் பார்த்து நேரம் எடுக்க முடியாது என்று மாமன் சொன்னார். கூட வந்தவர்கள் பெரிய வேதாந்தத்தைக் கேட்ட மாதிரி தலையாட்டினார்கள்.

மாப்பிள்ளை ரப்பர் செருப்பில் வந்திருந்தார். ஷூ போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கென்று பாய் ஒரு ஜோடி சாக்ஸ் வைத்திருந்தார். வெள்ளையாகப் பிறந்து, தாலுகா முழுக்க உள்ள கால்களைப் பார்த்து, சாம்பல் நிறத்துக்கு வந்திருந்த சாக்ஸ். அதை மாட்டிக்கொண்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பாய் முதலில் எடுத்துப் போட்டது சாதாரணமான கறுப்பு ஷூ. பெரிய பளபளப்பு இல்லை. கட்டைவிரலால் அமுக்கினால் மேல்தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்து, விட்டதும் மறைந்தது. உள்ளேயும் தோல். அடிப்பாகம் ஒட்டினதில்லை, சுற்றிலும் தைத்தது. ஷூவை வளைத்துக் காட்டினார், விரல் மடங்குகிற இடத்தில்தான் அதுவும் மடங்கியது. இதையெல்லாம் அவர் மாமனுக்குத்தான் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். மலையில் நடக்கிறவளுக்கு இது வேடிக்கைப் பேச்சில்லை. வெள்ளிமலைச் சந்தையில் செருப்பு வாங்குகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு பக்கத்து மேட்டில் ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டுத்தான் விலையே கேட்பார்கள். அவர்களுக்கு நடக்க வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு நிற்க மட்டும்தானே.

மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் இரண்டு நடை நடந்தார். முகம் மலர்ந்தது. இது நன்றாக இருக்கிறதே என்று அவராகவே சொன்னார். எனக்குக்கூட ஒரு சின்ன சந்தோஷம்: பேசுகிறார்.

மாமன் எழுந்தார். அந்த ஷூவில் ஒன்றைக் கழற்றி வாங்கி, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி நாக்கை இழுத்துப் பார்த்தார். கையில் தூக்கி எடை பார்த்தார். முகத்துக்கு நேராகப் பிடித்து, முகம் தெரியவில்லை என்றார். பிறகு, தோலா ரெக்சினா என்று கண்டுபிடிக்கத் தன்னிடம் ஒரு வித்தை இருப்பதாகச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்து, ஷூவின் பக்கவாட்டில் வைத்துவிட்டார். பாய் பதறிப் பிடுங்குவதற்குள் ஓரம் கருகிவிட்டது. கடை முழுக்க முடி பொசுங்கின வாடை.

“முடி கருகுன நாத்தம் அடிக்குதே பாய். இன்னா சரக்கு இது?”

நிஜமான தோல் பொசுங்கினால் அந்த வாடைதான் வரும், பிளாஸ்டிக்காக இருந்தால் உருகி ஒட்டியிருக்கும் என்று பாய் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார். மாமன் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். சற்று முன்னால் எந்த ஷூவைப் போட்டுக்கொண்டு முகம் மலர்ந்தாரோ அதே ஷூவைப் பார்த்து. தான் வைத்த சோதனையில் அந்த ஷூ தேறிவிட்டது என்பதுகூடத் தெரியாத ஒரு நிபுணர், அந்த நிபுணருக்கு ஜால்ரா போட ஒரு கூட்டம். கருகினதற்கு அப்பா பணம் எடுத்துக் கொடுத்தார். கொளுத்தினவர் கையைப் பையில்கூட விடவில்லை.

பிறகு மாமனே அலமாரியிலிருந்து ஒன்றைப் பொறுக்கினார். மூக்கு கூராக நீண்டு, கண்ணாடி மாதிரி மின்னுகிற ஷூ. அதன் முனையில் தன் மீசையைப் பார்த்துத் தடவிக்கொண்டார். குதிகாலைத் தரையில் டக் டக் என்று தட்டி, மேடையில் நடந்தால் சத்தம் கேட்க வேண்டும் என்றார். மனுஷன் ஷூ வாங்குகிறாரா, குதிரைக்கு லாடம் வாங்குகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அடிப்பாகம் வெறும் பசை ஒட்டு, உள்ளே வைத்திருப்பது அட்டை, இவருக்கோ அகலமான பாதம், இந்தக் கூர் ஆகவே ஆகாது, அப்படியே வேண்டுமென்றால் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பாய். பெரிய சைஸ் போட்டால் காலில் படகு கட்டின மாதிரி இருக்குமாம், மாமன் சொன்னார். வியாபாரிகள் விற்காத சரக்கைத்தான் நல்லது என்பார்களாம்.

மாப்பிள்ளை அதற்குள் காலைத் திணித்தார். திணித்தார் என்றுதான் சொல்ல வேண்டும், பாய் ஷூ கரண்டியை வைத்து நெம்பிக் கொடுத்தார். எழுந்து நின்றதும் அவர் கண்ணோரம் சுருங்கியது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு மற்றதை லேசாகத் தூக்கிக்கொண்டார், பிறகு கால் மாற்றிக்கொண்டார். நான் புண் கட்டுகிறவள். கால் வலிக்கிற மனுஷனின் முகம் எனக்குத் தெரியாதா? சுண்டுவிரலுக்கு மேலே ஷூ புடைத்துக்கொண்டு நின்றது. நாலு அடி நடந்தாரே, அந்த நாலு அடியும் முள்ளில் வைத்த அடி.

யாருமே கேட்கவில்லை. நான் கேட்டேன், கடிக்கிறதா என்று. நிச்சயமான பிறகு நான் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. காலையும் பார்க்கவில்லை. மாமனின் முகத்தைப் பார்த்தார். புது ஷூ கடிக்கத்தான் கடிக்கும், போடப் போட விட்டுக்கொடுக்கும் என்றார் மாமன். உடனே மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, இல்லையில்லை, அளவெடுத்த மாதிரி இருக்கிறது என்றார்.

எனக்கு வந்தது கோபமில்லை. கோபம் மனுஷர்மேல் வருவது. இது வேறு, ஒரு அருவருப்பு. கால் அவருடையது, வலி அவருடையது. அதைச் சொல்லக்கூட அந்த வாயில் கொழுக்கட்டை. இந்த வாய்தான் எனக்காக மாமனிடம் பேசப்போகிறது என்று நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நான் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தேன்.

“உங்க கால் வலிக்குதுன்னு சொல்ல உங்களால முடியல. என் வேலய பத்தி மாமாகிட்ட எப்பிடிங்க சொல்லுவீங்க?”

எந்த வேலை, யார் யாரிடம் சொல்வது என்று மாமன் மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நானும்தான். இத்தனை அருவருப்புக்கு நடுவிலும், இப்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. ஆமாம் மாமா, அவங்க வேலைக்குப் போகட்டும். அவ்வளவுதான். இதற்கு வீரம்கூட வேண்டாம்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். குனிந்தார். அந்தக் கடிக்கிற ஷூவின் லேசை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினார்.

பிறகு மாமன் சத்தம் போட ஆரம்பித்தார். மலை ஏறி இறங்கும் பெண்ணுக்கு வாய் இப்படித்தான் இருக்கும் என்றார். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, இப்போது பெண்ணை மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இங்கேயே முறித்துக்கொள்ளலாம் என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமன் அப்பாவுக்கு எதிரே போய் நின்று, பெண்ணைப் பெற்றவர் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் பை தூக்கிக்கொண்டும் பணம் கட்டிக்கொண்டும் இருந்தவர் அப்பா. பைகளைக் கீழே வைத்தார். மாமன் பக்கம் திரும்பவே இல்லை.

“நாளைக்கு மொத பஸ்சு நான்தாம்மா எடுக்கறேன். நேரத்தோட வந்துடு” என்றார் என்னிடம்.

தனக்குப் பதில் வந்துவிட்டது என்பது மாமனுக்குப் புரியவில்லை. அதே கேள்வியை அப்பாவிடம் மறுபடியும் கேட்டார்.