ஆட்காட்டி இரண்டு

"நீ வடிவாக் கேட்டனியோ?" என்று அம்மா கேட்டார். அதே கேள்வியை அப்பாவும் சித்தப்பாவும் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். அப்பாவின் பெற்றோர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியதில் அப்பாவுக்குப் பள்ளிக்கூடம் அகப்படவேயில்லை. கையெழுத்துக் கேட்கும் இடத்தில் அம்மா பெருவிரலை வைப்பார். சொல்வதெழுதலில் ஒரு பிழையும் விடாத என்னைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா?

நான் வடிவாக, தெளிவாகத்தான் கேட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

பூநகரிப் பக்கம், கடல்நீரேரி ஓரத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் தரவை. உப்புப் படிந்து, அங்கங்கே குறும்புல் முளைத்த வெறும் வெளி அது. அதற்கப்பால் தண்ணீர். வெயில் தெளிந்த நாளில் அக்கரையில் யாழ்ப்பாணம் ஒரு கோடாகத் தெரியும். மாரி தொடங்கினால் பூநாரைகள் கூட்டமாக வந்து தண்ணீருக்குள் நிற்கும். நாங்கள் அவற்றை நின்று பார்த்ததில்லை. அப்பாவின் கண்ணுக்கு இறால் மட்டும்தான் தெரியும்.

அந்த மாரியில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டி ஒன்றில் வந்து இறங்கினார்கள். தரவையில் மூன்று காலில் நிற்கும் ஒரு தொலைநோக்கியை ஊன்றி, மாறி மாறிக் கண்ணை வைத்தார்கள். விசாரித்தவர்களிடம், குருவி பார்க்க வந்தோம் என்றார்கள். ஒருவரும் நம்பவில்லை. எங்கள் ஊர் கண்டவரையில், தொலைநோக்கி வைத்திருந்த எவரும் அதனால் குருவி பார்த்ததில்லை.

கடைவாசலில் ஆளுக்கொரு காரணம் பிறந்தது. சண்டைக் காலத்தில் புதைத்த நகையைத் தேடுகிறார்கள் என்றார் ஒருவர். இறால் பண்ணைக்கு நிலம் பிடிக்கிறார்கள் என்றார் இன்னொருவர். கடைக்காரருக்கு அடிப்படையிலேயே சந்தேகம் இருந்தது. "குருவி பாக்க யாழ்ப்பாணத்தில இருந்து வாறதோ? அங்க காகம் எல்லாம் செத்துப்போச்சோ?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டின் பயம் வேறு. சண்டை முடிந்ததும் ஆமி கொண்டுபோன சித்தப்பா புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. அவரைத் திரும்பவும் கொண்டுபோய்விடுவார்கள் என்ற நினைப்பு எல்லோருக்குள்ளும் இருந்தது, வாய்விட்டுச் சொல்வதில்லை. அறியாத வாகனச் சத்தம் கேட்டால் அம்மா சித்தப்பாவைக் குசினிக்குள் கூப்பிட்டுத் தேங்காய் துருவக் கொடுப்பார். அந்த மாரி முழுக்க நாங்கள் சம்பலாகச் சாப்பிட்டோம்.

வந்தவர்களைத் தண்ணீருக்குள் கூட்டிப்போனவர் மாமா, அம்மாவின் தம்பி. அவரிடம் ஒரு வள்ளமும், சிவப்பு நிற மோட்டார் சைக்கிள் ஒன்றும் இருந்தன. யாரோடும் சிரித்துக் கதைக்கிற ஆள். அது நல்ல குணம் என்றுதான் அதுவரை எல்லோரும் சொல்லிவந்தார்கள்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீ படிக்கிற பிள்ளை. அவை என்ன கதைக்கினம் எண்டு கேட்டுக்கொண்டு வா" என்றார். விறகு பொறுக்குவதுபோலப் போய் வானுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் கைத்தொலைபேசியை வாயருகே பிடித்து யாருக்கோ செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை மனத்தில் பாடமாக்கிக்கொண்டு ஓடிவந்து, ஒரு எழுத்தும் தவறாமல் ஒப்புவித்தேன்.

"இந்த ஊரில ஆட்காட்டி ரெண்டு. சிவப்பு ஒண்டு, மஞ்சள் ஒண்டு. வீடுகளுக்குக் கிட்டவே நிக்குது."

அப்போதுதான் மூன்று பேரும் மாறி மாறி, வடிவாகக் கேட்டனியோ என்று கேட்டார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் ஒன்றுதான்: ஆளைக் காட்டிக்கொடுப்பவர். தரவையில் யார் நடந்தாலும் தலைக்கு மேல் பறந்து கத்தும் நெட்டைக் கால் குருவி ஒன்று உண்டு. அது ஆக்காட்டி. எங்கள் பக்கத்தில் அதன் பெயருக்குள் 'ட்' வைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்துப் பெண் புத்தகத்தில் உள்ளபடி சொன்னார். நானும் புத்தகத்தில் உள்ளபடியே கொண்டுவந்து கொடுத்தேன்.

அம்மா மட்டும் கொஞ்சம் தடுமாறினார். "நிக்குது எண்டோ சொன்னவா, நிக்கிறார் எண்டோ?" என்று கேட்டார்.

"நிக்குது எண்டுதான்."

"காட்டிக்குடுக்கிறவனுக்கு என்ன மரியாதை?" என்றார் அப்பா.

அதோடு அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. மிச்சம் இருந்தது, சிவப்பு யார், மஞ்சள் யார் என்பதுதான். மஞ்சளுக்கு வெகுநேரம் தேடினார்கள். கடைக்காரரின் சுவர் மஞ்சள். பாலர் பாடசாலை மஞ்சள். கோயில் ஐயரின் குடைகூட ஒருமுறை பேச்சில் வந்துபோனது. சிவப்பைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்க்காமல் இருந்தார்கள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா அடுத்த நாளே முரசுமோட்டைக்குப் போய்விட்டார். அங்கே சிநேகிதர் ஒருவரின் வயலில் வேலை இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னோம். மாமா வழக்கம்போல மீனோடு வந்தார். அம்மா மீனை வாங்கினார், தேத்தண்ணி கொடுத்தார், கதைக்கவில்லை. அப்பா வலையைத் தைக்கக் குனிந்தவர் நிமிரவேயில்லை. மாமா கதிரையில் இருந்து எல்லோர் முகத்தையும் பார்த்தார். "என்ன, செத்த வீடு மாதிரி இருக்கிறியள்? சின்னவன் எங்க?" என்று சித்தப்பாவைப் பற்றிக் கேட்டார். தெரியாது என்றார் அம்மா. முரசுமோட்டைக்குப் போனது ஊருக்கே தெரியும். மாமாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பிறகு மீன் வருவது குறைந்தது.

சில வாரங்கள் கழித்து அந்த வான் மறுபடியும் வந்தது. நான் மறுபடியும் விறகு பொறுக்கினேன். அந்தப் பெண் என்னைக் கண்டு, "இஞ்ச வாங்கோ பிள்ளை, ஆட்காட்டி பாக்கப்போறீங்களோ?" என்று கூப்பிட்டார். குழாய்க்குள் மாமாவின் முகம்தான் தெரியப்போகிறது என்று நினைத்தேன். கண்ணை வைத்தேன். கறுத்த தலை, மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தசை. எங்கள் ஆக்காட்டி. இன்னொரு வகைக்கு அந்த இடத்தில் மஞ்சள் தசை இருக்கும் என்று அவர் விளக்கினார். அதற்குள் நான் பாதி வழி ஓடியிருந்தேன்.

வீடு சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா, "சரி, குருவி எண்டே வைப்பம். குருவிய ஏன் எண்ணுகினம்?" என்றார். அம்மா குசினிக்குள் போய் ஒரு சட்டியில் கறி எடுத்து, மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். என்ன சொல்லிக் கொடுப்பது என்று கேட்டேன். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார்.

முரசுமோட்டைக்குத் தொலைபேசியில் சொன்னபோது சித்தப்பா மட்டும் சத்தமாகச் சிரித்தார். ஆனால் திரும்பி வரவில்லை. அங்கேயே குத்தகைக்கு வயல் எடுத்து, அங்கேயே கல்யாணமும் கட்டிக்கொண்டார்.

இரண்டு மூன்று மாரி கழிந்து தரவையில் எல்லைக் கற்கள் நட்டார்கள். பறவைகள் சரணாலயம் என்று மூன்று மொழியில் ஒரு பலகை வந்தது. இறால் பிடிக்கும் ஒரு பக்கத்துக்கு இனிப் போகக்கூடாது என்றார்கள். பலகையை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். "நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார். அந்த இரண்டு பேருக்கும் கல்லுக்கும் தொடர்பு உண்டா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

அதே காலத்தில் ஒரு பொங்கலுக்கு மாமா வந்தபோது மோட்டார் சைக்கிள் கறுப்பாக இருந்தது. கடையில் கொடுத்து முழுக்க நிறம் மாற்றியிருந்தார். புதுசு மாதிரி இருக்கிறது, வடிவாக இருக்கிறது என்று நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மாமா என் தலையைத் தடவி, "ஓம், வடிவுதான்" என்றார். அம்மா தேத்தண்ணியோடு வெளியே வந்தவர், அதைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டார். தேத்தண்ணியில் ஏதோ விழுந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். சிவப்பைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் மாமாவிடம் சொன்னதில்லை. அவருக்கு அது எப்படித் தெரிந்தது, எப்போதிருந்து தெரியும், தெரிந்தும் எத்தனை நாள் மீன் கொண்டுவந்தார் என்றெல்லாம் கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறேன். இந்த மாரிக்கு எங்கள் பக்கத்துப் பறவைகளைக் கணக்கெடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஊரில் இறங்கிய அன்றே கடைவாசலில் என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அது எனக்குப் புதிதில்லை. நேராக மாமா வீட்டுக்குப் போனேன். வள்ளம் வேண்டும், ஓட்ட நீங்களும் வேண்டும், அம்மாவும் எங்களோடு வருவார் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொம்மாவோ அனுப்பினவா?"

ஓம், அம்மாதான் என்றேன்.

பிறகு வீட்டுக்கு வந்து, மாமா உங்களை வள்ளத்துக்கு வரச் சொன்னார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.