அம்சவேணியின் விரல்

அம்சவேணி யாரையும் எளிதில் நம்ப மாட்டாள். கோயில் பிரசாதத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். ஆனால் பாவு பிணைக்க அவளை விட்டால் எங்கள் தெருவில் ஆள் இல்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது, அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை முறுக்கிச் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். இவள் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வாள். பட்டு அவளுக்கு அப்படித்தான் படியும்.

2009இல் பன்றிக் காய்ச்சல் பயம் வந்தபோது, அவள் மகள் படித்த பள்ளியில் பெற்றோரைக் கம்ப்யூட்டர் அறைக்கு வரச் சொன்னார்கள். சென்னையிலிருந்து ஒரு டாக்டர் இன்டர்நெட் வழியாகத் திரையில் பேசினார். மேலிருந்த கேமராவைப் பார்த்ததுமே அம்சவேணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“விரலை வாயில வைக்காதீங்க. எச்சில் பட்ட கையால எதையும் தொடாதீங்க,” என்றார் டாக்டர்.

அறையிலிருந்த அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து ஒரு வீட்டிலும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தறிக்காரர் குமாரவேல், “காய்ச்சல் அடங்கட்டும்மா,” என்று மழுப்பினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவள் பிணைத்த பாவில் நெய்து சாப்பிட்டவர்கள்தானே இவர்கள் எல்லாரும்?

“யாரோ அந்த டாக்டராண்ட என்னப் பத்தி சொல்லிக் குடுத்துக்கிறாங்க. மெட்ராஸ்ல குந்திக்கினு இருக்கறவருக்கு என் வெரலு எப்படித் தெரியும்?” என்றாள். என்னையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள்.

டாக்டர் மறுபடி திரையில் பேசிய நாளில் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பாடம் கேட்க அல்ல, டாக்டரை வேவு பார்க்க. அவர் காகிதத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்து, பக்கத்தைத் திருப்பினார்.

“சார், கொஞ்சம் இருங்க,” என்று எழுந்தாள் அம்சவேணி. “இப்ப வெரல எங்க வச்சி எடுத்தீங்க?”

டாக்டர் தன் விரலைப் பார்த்தார். “நாக்குலம்மா. பழக்கம், எனக்கே தெரியல. இனிமே கிண்ணத்துல தண்ணி வச்சுக்கறேன்.”

“எனக்கும் பழக்கந்தான் சார். என்ன மட்டும் தெருவே ஒதுக்கி வச்சிருக்குது.”

இப்போது யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் குமாரவேல் தானே வந்து கூப்பிட்டார். தறியருகே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. அம்சவேணி அதை முகர்ந்து பார்த்தாள்.

“யாரு மொண்டு வச்சது?”

“நான்தாம்மா.”

“கை கழுவிட்டு மொண்டீங்களாண்ணா?”

குமாரவேல் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அம்சவேணி அந்தத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, அடிபம்பில் தானே தண்ணீர் அடித்து எடுத்துக்கொண்டு வந்து வேலைக்கு உட்கார்ந்தாள்.