காற்றில் காட்டிய முப்பத்தெட்டு

காரமடைப் பக்கத்து வயலில், மண்ணின் பலம் பார்க்க இறக்கி உருவிய கூம்பைத் துடைத்துக்கொண்டிருந்த நஞ்சுண்டன் தற்செயலாக வண்டியின் அளவுத் திரையைப் பார்த்தான். முப்பத்தெட்டு.

கூம்புக்கு மேலிருக்கும் இரும்பு உறை, மண்ணுக்குள் இறங்கும்போது எவ்வளவு உரசல் இருக்கிறதென்று அளக்கும். இப்போது அது எதையும் தொடாமல் காற்றில் தொங்குகிறது. பூஜ்யம் அல்லவா காட்டவேண்டும்?

போர்வெல் லாரியில் பத்து வருடம், இந்த மண் பரிசோதனை வண்டியில் ஒன்பது வருடம். கூம்பை இறக்குமுன்னும் எடுத்தபின்னும் பூஜ்யம் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். எப்போதும் பூஜ்யம்தானே என்று, பிந்தையதைக் கொஞ்ச காலமாகப் பார்க்காமலேயே எழுதிவந்தான்.

உறையின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். மஞ்சளாக உதிர்ந்தது. சந்தனம். ஆயுத பூஜையன்று வண்டிக்கு வைத்த கையோடு கூம்புக்கும் தாராளமாக அப்பியிருந்தான். இடுக்கில் காய்ந்து உறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பூஜைக்கு மறுநாள் போனது சோமனூர். பிறகு வண்டி மூன்று வாரம் பட்டறையில் கிடந்தது. சோமனூரில் தறிவேலைப் பெண்களுக்கு நாலு மாடி விடுதி. மண் நல்ல பிடிப்பு என்று இவன் கொடுத்த எண்களை நம்பித்தான் பைல் என்கிற அடித்தளத் தூண்களின் ஆழத்தைக் குறைத்திருந்தார்கள். இன்று காலை கான்கிரீட்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? சோமனூர் வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் அக்ஷிதாவை அழைத்தான்.

"ஏனுங்கம்மணி, கான்கிரீட் ஊத்திப்போட்டாங்களா?"

"லாரி இப்பத்தான் உள்ள வருதுங்ண்ணா. ஏன், கான்கிரீட் பிரியாணில பங்கு கேக்கறீங்களா?"

"நிறுத்துங்க. அன்னைக்குக் கடைசிப் பூஜ்யம் நான் பாக்கவே இல்லீங்க. பாக்காமயே எழுதிப்போட்டேன். பூஜைச் சந்தனத்துல உறை இறுகிக் கிடக்குதுங்க."

"அண்ணா, நோட்டுல உங்க கையெழுத்து இருக்குது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுமுங்க. நாலு மாடிங்கம்மணி. அத்தனை புள்ளைங்க படுத்துத் தூங்கோணும்."

"டிரைவரண்ணா, ஊத்தாதீங்க!" அவள் கத்தியது காதைத் துளைத்தது. யாரோ திட்டினார்கள். லாரி இரைச்சல் அடங்கியது.

"நின்னுருச்சு. மொதலாளி வந்துட்டு இருக்காரு. கூம்பக் கழுவிப்போடாதீங்க, அப்படியே கொண்டாங்க. அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க, உங்களுக்குப் பதிலா நான் சொல்லமாட்டேன்."

"வாரேனுங்க."

வண்டியில் ஏறினான். கூம்பைக் கழுவாமல் பக்கத்து இருக்கையில் வைத்தான். நோட்டில் இன்றைய கடைசிப் பூஜ்யத்துக்கு நேரே முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டு, சோமனூருக்குக் கிளம்பினான்.