இரட்டைச் சடை

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் டீச்சரின் கையைக் கடித்துவிட்டாள் என்று போன் வந்தபோது, நான் வேலை பார்க்கும் கடலூர் மருந்துக் கடையில் நல்ல கூட்டம். போட்டது போட்டபடி ஓடினேன். அதுவரை கடித்ததெல்லாம் கூடப் படிக்கும் பிள்ளைகளைத்தான். பிரின்சிபால் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“டாக்டர்கிட்ட காட்டுங்க. இல்லன்னா திங்கக்கிழமை வந்து டி.சி. வாங்கிக்குங்க.”

அவிழ்ந்த ரிப்பனோடு மூலையில் நின்றாள் மகள். பாவமாக இல்லை, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன்டி கடிச்ச?” என்றால் ரிப்பனை உருவிக் கையில் சுருட்டினாள்.

விஷயத்தைக் கேட்டதும் என் கணவர், “சனிக்கிழமை திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போயி மொட்டை போட்டுடலாம்” என்றார்.

போன வருஷமும் இதே கதைதான். புகார் வந்ததும் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டோம். சவரம் செய்யும்போது அவள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அதன்பிறகு மாசக்கணக்கில் ஒரு புகாரும் இல்லை. “பாத்தியா?” என்று இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நானும் நம்பினேன். முடி வளர்ந்தது, ஸ்கூல் விதிப்படி எலிவால் மாதிரி இரட்டைச் சடை போட்டு அனுப்பினேன், கடியும் திரும்ப வந்தது.

“டாக்டர்கிட்ட போனா ஊரு என்ன பேசும்? பொம்பளப் புள்ள” என்றார் இவர்.

“ஊரா வந்து டி.சி. வாங்கப் போவுது?” என்று கத்தினேன்.

சனிக்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். தெரிந்தவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்றுதான் அத்தனை தூரம். கடைசி நிமிஷத்தில் இவரும் ஏறி, வேறு சீட்டில் உட்கார்ந்தார். டாக்டர் என்ன குண்டைத் தூக்கிப் போடுவாரோ என்று வழியெல்லாம் எனக்கு அதே யோசனை.

டாக்டர், குழந்தைகள் மனநலம் பார்க்கும் ஒரு அம்மா. இவர் உள்ளே வர மாட்டேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

“டீச்சர் என்ன செஞ்சப்போ கடிச்சா?”

“அவுந்த ரிப்பனக் கட்டிவிட்டாங்க மேடம்.”

“அதுக்கு முன்னாடி கடிச்சப்போ?”

“பின் பெஞ்சுப் பொண்ணு சடையப் புடிச்சு இழுத்துது.”

“வீட்ல?”

“தலை வாரும்போது தெனம் சண்டதான். மொட்டையா இருந்தப்ப மட்டும்…”

அவளது எலிவால் சடைகளைத் திரும்பிப் பார்த்தேன்.

டாக்டர் மகளிடம் குனிந்தார். “உன் தலையத் தொடட்டுமா?”

“வேணாம்.”

“சரி, தொடல.”

மேஜைமேல் அவர் வைத்த கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சில புள்ளைங்களுக்குத் தொடுறது நம்மளவிட ஜாஸ்தியா உறைக்கும். அடம்னு நெனைக்காதீங்க. இன்னும் சில தடவ பாக்கணும்” என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும், “என்ன சொன்னாங்க?” என்றபடி இவர் கை அவள் தலைக்குப் போனது. பிடித்துக்கொண்டேன்.

“கேட்டுட்டுத் தொடுங்க.”

என்னை முறைத்தார். பிறகு அவளிடம், “தொடட்டுமா கண்ணு?”

“வேணாம்ப்பா.”

கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். டாக்டர் சொன்னதைச் சொல்லி முடித்தேன்.  பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும், “மொட்டை போட்டப்பவே பெருமாள் காட்டியிருக்காரு. நமக்குத்தான் புரியல” என்றார்.

“திரும்ப மொட்டை போடுவீங்களா?” என்றாள் மகள்.

“போடல.”

“சடை?”

இவர் அவளிடம் குனிந்தார். “திங்கக்கிழமை ஸ்கூலுக்கு நானே வந்து பேசறேன்.”

திரும்பும்போது அவள் என்னை விட்டுவிட்டு அப்பாவின் சீட்டில் போய் உட்கார்ந்தாள். நடுவில் கொஞ்சம் இடம் விட்டு.