சமாதானம் பேசப் போன வீடு

சுவிஸின் பீல் நகரில் எங்கள் மேல்மாடியில் இருந்த வாணி, கணவர் அடிப்பதாக ஒருநாள் சலவை அறையில் என்னிடம் சொல்லி அழுதாள். பொலிஸ் என்றால் எங்கள் ஆட்களுக்குள் கதை பரவிவிடும் என்று பயந்து, நானும் என் கணவரும் சமாதானம் பேசப் போனோம். வாணியே தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

"இனிக் கை வைக்கமாட்டன், அண்ணை" என்றார் அவள் கணவர். நாங்கள் நிம்மதியாகத் திரும்பினோம். வீட்டுக் கதையை வெளியே சொன்னாளென்று அன்றே அவள் கையை முறித்தார்.

இப்போது எந்தப் பெண்ணாவது இப்படி வந்தால், அவள் கணவரிடம் நான் மூச்சும் விடுவதில்லை. "நான் என்ன செய்யவேணும், பிள்ளை?" என்று அவளிடமே கேட்கிறேன். அடிபடும் பெண்களுக்கான உதவி நிலையத்துக்குக் கூடவே போகிறேன்.

வாணி பிரிந்து வேறு ஊரில் இருக்கிறாள். கோயிலில் கண்டால், "சுகமா இருக்கிறன், அக்கா" என்பாள். அதற்குமேல் என்னிடம் எதுவும் சொல்வதில்லை.