மாப்பிள்ளைக்காகக் குளித்த நாய்

வெயில் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு குளிர்கால நாளில், மூன்று கிலோகூடத் தேறாத நாயைக் குளிப்பாட்டி மொட்டை மாடியில் கட்டிப்போட்டவர்களை என்ன சொல்லித் திட்டுவது? எனக்குத் தெரிந்த வசவு எல்லாவற்றையும் அன்றைக்கே தீர்த்துவிட்டேன். போதவில்லை. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நினைக்கிறேன்.

நாய் என் அக்காவுடையது. அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

அக்கா பல் செட் செய்கிறவள். ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் ஜன்னலோரமாக அவள் மேசை. டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, அது இறுகியதும் மெழுகில் ஈறு செதுக்கி, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, தேய்த்து, பளபளப்பாக்கி, முகம் தெரியாத யாரோ ஒருவர் மென்று சாப்பிட வாய் செய்து கொடுப்பாள். நகக்கண்ணில் எப்போதும் இளஞ்சிவப்புத் தூள் ஒட்டியிருக்கும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறே, உனக்குத்தான் ஒருத்தரையும் கடிக்கத் தெரியல" என்று நான் கிண்டல் செய்வேன். அதற்கும் சிரிப்பாள்.

கல்யாணமாகாத பெண்ணின் வீடு என்றால் உறவுக்காரர்களுக்குச் சத்திரம் மாதிரி. வருஷக் கடைசி விடுமுறை வந்தால் போதும், அண்ணன், அண்ணி, பிள்ளைகள், பெட்டி படுக்கை எல்லாம் அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கிவிடும். "பாவம், தனியா இருக்கா. நாம போனா அவளுக்கும் கலகலன்னு இருக்கும்" என்பது அண்ணியின் வாடிக்கையான வசனம். கலகலவென்றுதான் இருக்கும், அக்கா பாத்திரம் தேய்க்கிற சத்தம். நான் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். என் வீட்டுக்கு ஒருவரும் பெட்டி தூக்குவதில்லை. எனக்கு வாய் நீளம், அது அவர்களுக்குத் தெரியும். குட்டக் குட்டக் குனிகிறவள் பக்கத்திலேயே இருக்கும்போது, திருப்பிக் குட்டுகிறவளிடம் யார் வருவார்கள்?

பட்டாணி வந்த கதையும் அப்படித்தான். ஒரு பெரியவர் பல் செட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். செட் தயாரானபோது ஆள் உயிரோடு இல்லை. தகவல் சொல்ல வந்த மகள் கையில் ஒரு பை, பைக்குள் அவர் வளர்த்த நாய். "ரெண்டு நாள் மட்டும் பாத்துக்கறீங்களா, எங்க வீட்ல சம்மதிக்கணும்" என்றாளாம். டாக்டர் முடியாது என்றார், நர்ஸ் முடியாது என்றாள், அக்கா தலையாட்டினாள். அந்த மகளின் போன் அன்றோடு அணைந்தது. சின்னத் தலை, முட்டைக் கண், குச்சிக் கால், உடம்பில் முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தரையில் உருண்டு போன பட்டாணி மாதிரி அறைக்கு அறை ஓடியதால் அந்தப் பெயர்.

எனக்கு நாய் என்றால் அவ்வளவு பிரியம் கிடையாது. ஆனால் அக்கா பட்டாணியை வைத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். குளிர் ஆரம்பித்ததும் தன் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி, கால் நுழைய இரண்டு ஓட்டை போட்டு, அதற்குச் சட்டை தைத்துவிடுவாள். படுக்கை தரையில் கிடக்காது. ஒரு பலகை, அதன்மேல் மெத்தை. காலையில் வெளியே கூட்டிப் போகமாட்டாள், மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து தெருமுனை வரை ஒரு நடை. திரும்பியதும் நான்கு பாதத்தையும் துடைத்து, விரல் இடுக்கில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். அவளுக்கு யாரும் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அது தனிக் கோபம், விடுங்கள்.

விடுமுறைக் கூட்டத்துக்கென்று ஒரு ஏற்பாடும் வைத்திருந்தாள். சமையலறைக்குப் பக்கத்தில் சாமான் போடுகிற சின்ன அறை. அதை ஒழித்து, பலகைப் படுக்கையைப் போட்டு, எட்டாத உயரத்தில் சின்ன ஹீட்டர் வைத்து, வெளிச்சத்தம் கேட்டு மிரளாமல் இருக்க ரேடியோவை மெதுவாகப் பாடவிட்டு, பட்டாணியை அங்கே விட்டுவிடுவாள். வருகிறவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்வாள்: "அந்தக் கதவ மட்டும் சாத்தி வைங்க. கேக்கு, திராட்சை எதுவும் குடுத்துடாதீங்க, அதுக்கு ஆகாது." அந்த வீட்டில் அவளுக்கென்று அவள் கேட்டது அவ்வளவுதான்.

போன வருஷம் அண்ணன் மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை முதல் தடவையாக வருகிற விடுமுறை. பெண்ணும் மாப்பிள்ளையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு நேராக அக்கா வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. மாமனார் வீட்டு விருந்து, ஆனால் செலவும் உழைப்பும் அக்கா வீட்டில்! அண்ணன் குடும்பம் முந்தின நாள் சாயங்காலமே வந்து இறங்கிவிட்டது.

விடுமுறைக்கு முன்னால் எல்லாருக்கும் அவசரமாகப் பல் வேண்டும். அதனால் அக்கா விடியுமுன் எழுந்து மொத்தச் சமையலையும் முடித்து அடுப்புமேல் மூடி வைத்துவிட்டு, பட்டாணியை அறையில் விட்டு, கதவைப் பற்றி இன்னொரு தடவை சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். கூடுதலாகத் தட்டு வேண்டும் என்று கேட்டிருந்தாள், அதை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

வாசலில் செருப்பும் ஷூவும் குவிந்து கிடந்ததில் கதவு சாத்தாமல் நின்றது. குளிர்காற்று சுகமாக உள்ளே போய்வந்துகொண்டிருந்தது. அண்ணன் போர்வைக்குள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நேராகச் சின்ன அறைக்குப் போனேன். ஹீட்டர் அணைந்திருந்தது. பலகைப் படுக்கைமேல் இரண்டு சூட்கேஸ்.

"நாய் எங்கே?" என்றேன்.

அண்ணி கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். "மாடில. காலைலயே குளிப்பாட்டிட்டேன். மாப்பிள்ளை மொத மொத வர்றார், வீட்ல நாய் வாடை அடிச்சா என்ன நினைப்பார்? நல்லா ஷாம்பு போட்டு ரெண்டு தடவ அலசிட்டேன். வெயில்ல காயட்டும்னு கட்டிப் போட்டிருக்கு."

"வெயில் எங்கே இருக்கு அண்ணி?"

"வரும்ல?" என்றாள்.

தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். தண்ணீர்க் குழாயில் துணி காயப்போடுகிற கயிறு, கயிற்றின் முனையில் பட்டாணி. ஸ்வெட்டர் கழற்றிப் பிழிந்து பக்கத்துக் கொடியில் தொங்கியது. அது வேறு கிளிப் போட்டு, ஒழுங்காக! துணிமேல் இருந்த அக்கறை உயிர்மேல் இல்லை. நாய் நடுங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. நடுக்கம் நின்றுபோய், ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தது. கூப்பிட்டேன், கண் மட்டும் அசைந்தது.

என் சால்வையில் சுற்றிக்கொண்டு இறங்கும்போதே கத்த ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

"ஏன் இப்படிக் கத்துறே? நாய்தானே" என்றார் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தெருவுல எத்தனை நாய் கிடக்கு, அதெல்லாம் செத்தா போச்சு?"

"உங்களக் குளிப்பாட்டி அங்கே கட்டிப் போடறேன் அண்ணா, ஒரு மணி நேரம். உங்க உடம்புக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம்!"

"இவளுக்கு வாய், வாய்" என்றாள் அண்ணி. "நல்லது செஞ்சாலும் குத்தம்."

அக்காவுக்குப் போன் பண்ணினேன். வண்டி பிடித்து வந்தாள். இடுப்பில் கட்டிய ஏப்ரனில் வெள்ளை மாவு காயாமல் அப்படியே இருந்தது. சூட்கேஸ்களை இறக்கி வைத்தாள், தரையில் உட்கார்ந்தாள், உலர்ந்த துண்டால் ஒற்றி எடுத்து, தன் ஸ்வெட்டர் பொத்தானைத் திறந்து, பட்டாணியை நெஞ்சோடு வைத்து மூடிக்கொண்டாள். நான் ஹீட்டரைப் போட்டுவிட்டு, பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிக் கொடுத்தேன்.

நாய் டாக்டர் விடுமுறையில் வெளியூர் போயிருந்தார். நல்ல மனுஷன், போனை எடுத்தார். நான் ஸ்பீக்கரில் போட்டு அக்கா வாயருகே பிடித்தேன்.

"வெந்நீர்ல எறக்கிடாதீங்கம்மா. மெதுவாத்தான் சூடேறணும். உதட்டத் தூக்கி ஈறு என்ன கலர்ல இருக்குன்னு சொல்லுங்க."

அக்கா உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறின் நிறம் பார்ப்பதுதானே அவள் பிழைப்பு. "மெழுகு மாதிரி இருக்கு டாக்டர்" என்றாள். அவள் குரல் உடைந்ததை நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"அது இளஞ்சிவப்பாகணும். ஆகலேன்னா எப்படியாவது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க."

நாங்கள் இருவரும் ஈறையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை அண்ணி வந்து எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை வர்ற நேரம், ரெண்டு பேரும் இப்படித் துக்க வீடு மாதிரி உக்காந்திருந்தா எப்படி?" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எழுந்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வாசலில் வரவேற்பு அமர்க்களமாக நடந்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் வந்த மாப்பிள்ளை, அறைக்குள் எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே மண்டியிட்டார்.

"என்னாச்சு அத்தை?"

"மாப்பிள்ளை, கிட்டப் போகாதீங்க! நாய் வாடை" என்று அண்ணி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"வாடையா? ஷாம்பு வாடைதான் வருது" என்றார் அவர். கையை நீட்டிப் பட்டாணியின் காதைத் தொட்டுப் பார்த்தார். "காது ஐஸா இருக்கே. இந்தக் குளிர்ல யாரு குளிப்பாட்டினது? எங்க வீட்ல மூணு நாய் இருக்கு அத்தை, பனி நேரத்துல எங்கம்மா அதுங்க மேல ஒரு சொட்டுத் தண்ணி படவிட மாட்டாங்க."

அவர் வீட்டில் மூன்று நாய்! கல்யாணம் பேசினார்கள், ஜாதகம் பார்த்தார்கள், சம்பளம் கேட்டார்கள், மண்டபம் பிடித்தார்கள். உங்களுக்கு நாய் பிடிக்குமா என்று ஒரு வார்த்தை கேட்க அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்காமலே அவர் பெயரைச் சொல்லி ஒரு உயிரைக் குழாயில் கட்டிப் போட்டுவிட்டார்கள். அண்ணி தன் வளையலைத் திருகிக்கொண்டு நின்றாள். அண்ணன் சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை தன் மப்ளரைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா அதையும் சுற்றினாள். இன்னும் கொஞ்ச நேரம் போனது. அப்புறம் ஸ்வெட்டருக்குள் ஒரு நடுக்கம், அதைத் தொடர்ந்து ஒரு சின்ன முனகல். அக்கா உதட்டைத் தூக்கினாள், ஹீட்டர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், எனக்கும் காட்டினாள். ஓரத்தில் சிவப்பு ஏறியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாய்க்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களையும் திட்டியிருப்பேன்.

"அப்பாடா, அதான் பொழைச்சிடுச்சே" என்றாள் அண்ணி. "இதுக்குப் போய் இவ்வளவு ரகளை. சரி, எந்திரி எந்திரி. மாப்பிள்ளை பசியோட இருக்கார், வந்து பரிமாறு."

அக்கா எழுந்திருக்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். எப்போதும் பேசுகிற அதே மெதுவான குரலில் கேட்டாள்.

"அண்ணா, நீங்க எந்த பஸ்ஸுக்குக் கிளம்புறீங்க?"

வந்தவர்களை "எப்போ வந்தீங்க?" என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். எப்போது போகிறீர்கள் என்று கேட்பது எங்கள் வீட்டில் செருப்பால் அடிப்பதற்குச் சமம். நான் இத்தனை வருஷமாக எத்தனையோ கத்தியிருக்கிறேன், இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கே வாய் வந்ததில்லை.

"நாங்க... நாலு நாள் இருக்கலாம்னுதானே..." என்றார் அண்ணன்.

"இன்னைக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டேன்."

அண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை பட்டாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலரைக்கு ஒண்ணு இருக்கு" என்றார் அண்ணன், தரையைப் பார்த்து.

"சரி. சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. எல்லாரும் போட்டுச் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. எனக்குக் கை ஒழியல" என்றாள் அக்கா. இரண்டு கையும் ஸ்வெட்டருக்குமேல் நாயை அணைத்திருந்தன.

அண்ணி சமையலறைக்குள் போனாள். ஒரு டிராயரைத் திறந்தாள், மூடினாள். அடுத்ததைத் திறந்தாள். மேல் அலமாரியைத் திறந்தாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக வந்து வந்து சாப்பிட்ட வீட்டில் கரண்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.