கலுங்கா, ஆறா? பாண்டியோடு தூண்டில் போடப் போன ஞாயிறு

மதுரையைச் சுற்றித் தூண்டில் போட எங்கே போகலாம் என்று கேட்டு வாசகர்கள் அவ்வப்போது எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். மீன் நிறையக் கிடைக்கும், ஆனால் கூட்டம் நெரியும் கண்மாய்க் கரையா, ஆளே இல்லாத வைகைக் கரையா என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. எண்பதுகளின் தொடக்கத்தில், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இதே கேள்வியோடு நானும் என் நண்பன் பாண்டியும் கிளம்பினோம். எந்த இடத்துக்கு எப்படிப் போவது என்பதை விட, அன்றைக்கு நடந்ததைச் சொல்வதுதான் உபயோகமாக இருக்கும்.

நான் அப்போது ஒரு சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தேன். எங்களுடையது சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் மீன் நுழையாது. நான் பிடிப்பதெல்லாம் பாண்டி வீட்டுக் குழம்புக்குத்தான். பாண்டி உசிலம்பட்டிக்காரன், அவனியாபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டினான். அந்த ஞாயிற்றுக்கு மூன்று மாதம் முன்னால் எங்கள் பட்டறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தான். பார்த்தவன் நான் ஒருவன்தான். டாக்டர் மாத்திரை கொடுத்து, தூக்கம் கெடக்கூடாது, தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகக்கூடாது என்றார். முதலாளிக்குத் தெரிந்தால் லேத்தை விட்டு இறக்கிவிடுவார் என்று பாண்டி யாரிடமும் சொல்லவில்லை. என்னையும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான்.

பெரியார் பஸ் நிலையத்தில் காலை 6.10 டவுன் பஸ். பரவைக்கு ஒன்பது கிலோமீட்டர், ஆளுக்கு அறுபது பைசா. பஸ் ஆரப்பாளையம் தாண்டும்போது பாண்டி கொட்டாவி விட்டான். கேட்டதற்கு, "நேத்து நைட் ஷிப்ட் மாப்ள. நேரா அங்கிருந்துதான் வாரேன்" என்றான். எனக்கு அப்போதே திரும்பிவிடலாம் என்றிருந்தது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பரவைக் கண்மாய் நிரம்பி, மிகுந்த தண்ணீர் கலுங்கில் வழிந்துகொண்டிருந்தது. கருங்கல் சுவர் மேல் தண்ணீர் சரிந்து விழ, அதை எதிர்த்து மீன் துள்ளும். அறுபது பேராவது தோளோடு தோள் இடித்து நின்றார்கள். எட்டரை மணிக்குள் எங்களுக்கு ஒன்பது கெண்டை. ஆனால் பாண்டி மீனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் காதோரம் வந்தான்.

"இங்க வேணாம் மாப்ள. எனக்கு எதுவும் வந்துச்சுன்னா அம்புட்டுப் பேரும் பாப்பாய்ங்க. ஒர்க்‌ஷாப்பு ஆளுக ரெண்டு பேரு அந்தா நிக்கிறாய்ங்க."

"வந்துச்சுன்னா தூக்கவும் ஆளு இருக்குல்ல?"

"ஆத்துக்குப் போவோம். இல்லைன்னா நான் வீட்டுக்குப் போறேன்."

சந்தையடியில் மூன்று ரூபாய்க்கு ஒரு வாடகை சைக்கிள் எடுத்தோம். ஆளுக்கொன்று எடுக்கலாம் என்றான், நான் விடவில்லை. அவனைப் பின்னால் உட்கார வைத்து, சமயநல்லூர் வழியாகத் தேனூர்ப் பக்கம் ஆறு கிலோமீட்டர் மிதித்தேன். லாரி வரும்போதெல்லாம் ஒரு கையைப் பின்னால் விட்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஆற்றை அடைந்தபோது 9.50.

அப்படி ஓர் அமைதியை மதுரைக்குப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நாணல் புதர், மணல், நடுவில் இடுப்பளவுத் தண்ணீர், இரண்டு கொக்கு. பாண்டியின் இறுக்கம் தளர்ந்தது. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடு இல்லை. அவன் தூண்டில் போட்டான், நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் அவனுக்குப் பொறுக்கவில்லை. "நீ தக்கையைப் பாக்குறியா, என்னையப் பாக்குறியா? பிள்ளைக்குக் காவலிருக்க மாதிரி இருக்கு. அந்தப் புதருக்கு அங்கிட்டுப் போய் உக்காரு, சாமி."

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டோம். நாற்பதடி தள்ளி, புதருக்கு மறுபக்கம் நான் உட்காருவேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நான் "பாண்டி" என்பேன், அவன் "ம்" என்பான். ஏழு முறை "ம்" வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தே கூப்பிட்டதால் எண்ணிக்கை நினைவிருக்கிறது. எட்டாவது முறை, 11.25க்குக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன். அதே நேரம் என் தக்கை முங்கியது. நான் எழுந்து ஓடவில்லை. தூண்டிலைத் தூக்கினேன். நல்ல கெளுத்தி. அதன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, மறுபடி கூப்பிட்டேன். பிறகுதான் ஓடினேன்.

கணுக்காலளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். உடம்பு வெட்டிக்கொண்டிருந்தது, முகம் தண்ணீருக்குள். சட்டைக் காலரைப் பிடித்து மணலுக்கு இழுத்தேன். ஒருக்களித்துத் திருப்பியதும் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வந்தது. உதடு நீலம். முதுகில் தட்டினேன், கத்தினேன். யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, தமிழை விட்டு எங்கள் வீட்டுப் பாஷையில் கத்தியிருக்கிறேன். ஒரு பெரிய இருமல். அதன்பின் மூச்சு வந்தது. வெட்டு நின்று, கண் திறந்து, என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரம் முழுக்க அவன் மூக்கில் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன்.

சைக்கிளில் அவனை உட்கார வைக்க முடியாது. கைத்தாங்கலாக வண்டிப்பாதை வரை கூட்டிவந்தேன். மணல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. ஓட்டியவர் ஐம்பது வயதுக்காரர், வண்டியை நிறுத்தி, "என்னப்பா ஆச்சு?" என்றார்.

"வழுக்கி விழுந்துட்டாப்லண்ணே" என்றேன். சத்தியம் செய்திருந்தேனே.

பாண்டி தலையை நிமிர்த்தினான். "இல்லண்ணே. எனக்கு வலிப்பு இருக்கு."

வண்டிக்காரர் இறங்கி, மணலைக் கையால் ஒதுக்கிப் பள்ளம் செய்து, துண்டை விரித்தார். "காலை நீட்டிப் படு. நான் மெதுவாத்தான் போவேன்" என்றார். சமயநல்லூர் டாக்டர் வீடு வரைக்கும் அவர் வேறெதுவும் கேட்கவில்லை. காசும் வாங்கவில்லை. நான் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். இரண்டு பேருடைய மீனும் ஆற்றங்கரையிலேயே கிடந்தது.

மறுநாள் பாண்டியே முதலாளியிடம் சொன்னான். பயந்தபடியே நடந்தது. லேத்தை விட்டு இறக்கி, அரம் போடுகிற வேலையில் போட்டார்கள். கூலி குறைந்தது. அந்த வருத்தத்தில் மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கெளுத்தியைக் கழற்றிவிட்டுத்தான் ஓடிவந்தேன் என்பதை அவனிடம் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆனது. கேட்டுவிட்டு, "எம்புட்டுப் பெருசு?" என்றான். காட்டினேன். "அம்புட்டுக்கா?" என்றான். பிறகு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தூண்டிலை அவன் விடவில்லை. தை மாதமே கலுங்குக்கு வந்தான். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம், "அண்ணே, நான் விழுந்தா தண்ணிய விட்டு இழுத்து ஒருக்களிச்சுப் போடுங்க. இரும்பு சாவியெல்லாம் கையில குடுக்க வேணாம்" என்றான். அந்த ஆள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிப்பா. கொஞ்சம் தள்ளி நில்லு, தூண்டில் நரம்பு சிக்குது" என்றார்.

கடிதம் எழுதுகிறவர்களுக்கு: மீன் வேண்டுமென்றால் மழைக்குப் பிறகு கண்மாய்க் கலுங்குக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். பாசி வழுக்கும், செருப்பைக் கழற்றிவிடுங்கள். அமைதி வேண்டுமென்றால் ஆறு. ஆனால் உங்களோடு வருகிறவரைப் புதர் மறைக்காத இடமாகப் பார்த்து உட்காருங்கள். உடம்புக்கு ஏதாவது இருந்தால் கூட வருகிறவரிடம் மறைக்காதீர்கள். அவரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், தக்கை முங்கினாலும் முங்கட்டும், எழுந்து போய்ப் பாருங்கள். நான் இன்றைக்கும் ஆற்றுக்குத்தான் போகிறேன், பெரும்பாலும் தனியாக. எந்த வளைவில் உட்காரப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறேன். ஐந்து நிமிஷம் தாமதமானாலும் எனக்குப் பதற்றம் வந்துவிடுகிறது, தூண்டிலைச் சுருட்டிவிடுகிறேன்.